அட்டைப்பெட்டி இயந்திரம், ஒரே வீடு, இரண்டு பிரபஞ்சம்

நீங்கள் கேட்டது இது: நண்பர்கள் சேர்ந்து ஒரு பேரலல் யுனிவர்ஸ், அதாவது நம் உலகத்துக்கு இணையாக இன்னொரு பிரபஞ்சம் இருப்பதாகச் சொல்லும் காமெடிப் படம் பார்த்திருக்கிறீர்கள். இயந்திரம் என்று காட்டியது அட்டைப்பெட்டியில் அலுமினியத் தாள் ஒட்டிய சமாச்சாரம். மொத்தமே ஐந்து நடிகர்கள், ஒரே வீடு. மட்டமான படம் என்று தெரிந்தும் கடைசிவரை எழுந்திருக்காமல் சிரித்திருக்கிறீர்கள். அது எப்படி எடுபட்டது, அதேபோல நாங்களும் நாற்பது நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் தேறுமா, அறிவியல் எந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், அந்த இயந்திரத்தையாவது கொஞ்சம் நன்றாகச் செய்ய வேண்டாமா என்பதெல்லாம் கேள்வி.

தேறும். கையில் பணமில்லை, ஆனாலும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் எடுத்தே தீர வேண்டும் என்று அரிப்பு இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இந்த வகையைத்தான். விண்வெளிக் கதை என்றால் கப்பல் வேண்டும். வேற்றுக்கிரகவாசி என்றால் முகமூடி வேண்டும், அதை ஒட்ட ஓர் ஆள் வேண்டும், ஒட்டி முடிக்கப் பாதி நாள் வேண்டும். எதிர்காலம் என்றால் தெருவையே மாற்ற வேண்டும். இணைப் பிரபஞ்சத்துக்கு என்ன வேண்டும்? அதே வீடு. அதே நடிகர். ஏதோ ஒன்று மட்டும் லேசாக மாறியிருக்க வேண்டும். மற்ற படங்களில் வறுமையை மறைக்கப் பாடுபடுவார்கள். இங்கே கதையே அந்த வறுமையைத்தான் கேட்கிறது.

எட் உட் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் நடிக்கவிருந்த, ‘டிராகுலா’ புகழ் நடிகர் பெலா லுகோசி 1956-இல் இறந்துபோனார். உட்டின் கையில் இருந்தது அவர் நடித்த சில நிமிடக் காட்சிகள் மட்டுமே. மீதிக்கு, தன் மனைவிக்கு முதுகெலும்பு வைத்தியம் பார்த்து வந்தவரைக் கூட்டிவந்து, அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கவிட்டார். ஆள் லுகோசியைவிட உயரம், ஜாடையும் கிடையாது. உலகம் இன்னமும் சிரித்துக்கொண்டிருக்கிறது. இதே ஓட்டை ஓர் இணைப் பிரபஞ்சக் கதையில் விழுந்திருந்தால்? ‘இவர் அந்தப் பக்கத்து ஆள், அங்கே இவர் கொஞ்சம் உயரம்’ என்று ஒரே வசனத்தில் ஓட்டை கதைக்குள் அடங்கியிருக்கும். கன்டினியூட்டி தவறுகளை, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் ஆளோ பொருளோ பொருந்தாமல் போவதைக்கூடக் கதையாக்கிக்கொள்ள இடம் தரும் வகை இது. அதற்காகக் கண்டபடி சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை செய்தால் புத்திசாலித்தனம். மூன்றாவது முறை செய்தால் சோம்பேறித்தனம் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

நீங்கள் பார்த்த படம் எடுபட்டதற்கு இன்னொரு காரணம் இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன்: அதில் யாரும் தமாஷ் பண்ணியிருக்க மாட்டார்கள். ‘கேம்ப்’ என்று சொல்லும் அந்த ரசனை, அதாவது மிகையும் அசட்டுத்தனமும் பகட்டுமாக இருப்பதையே ரசிப்பது, அதைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1964-இல் எழுதிய கட்டுரை இன்றைக்கும் பொருந்துகிறது. அவர் சொன்ன முக்கியமான விஷயம், அசல் கேம்ப் தன்னை அறியாமல் நிகழ்வது, அதைச் செய்பவர் உயிரைக் கொடுத்துச் செய்கிறார் என்பது. தெரிந்தே அசடாக இருக்க முயல்வது அவ்வளவாக ருசிப்பதில்லை. நீங்கள் தெரிந்தேதான் எடுக்கப்போகிறீர்கள், அதை மாற்ற முடியாது. ஆனால் நடிகர்களிடம் மட்டுமாவது இதை ஒரு காமெடி என்று சொல்லாமல் வேலை வாங்குங்கள். ஒரே ஒரு நடிகர், ‘பாருங்க, எவ்வளவு மட்டமான செட்டு’ என்கிற மாதிரி கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தால் போதும், படம் படுத்துவிடும். பார்ப்பவர்தான் சிரிக்க வேண்டும். படமே முந்திக்கொண்டு சிரித்தால் அவருக்கு என்ன மிச்சம்?

இதற்கு நான் எப்போதும் காட்டும் காட்சி ஜான் கார்பென்டரின் ‘டார்க் ஸ்டார்’ படத்தில் இருக்கிறது. 1974-இல் வெளியானது, மாணவர் படமாகத் தொடங்கி நீண்டது. அதில் வரும் வேற்றுக்கிரக ஜந்து, கடற்கரையில் விளையாடும் காற்றடைத்த பந்து. கீழே இரண்டு பாதம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மறைக்கவே முயலவில்லை. ஆனால் அதைத் துரத்திக்கொண்டு போய் லிஃப்ட் குழிக்குள் தொங்கும் டான் ஓ’பானன் முகத்தில் நிஜமான எரிச்சல், நிஜமான பயம். பந்து என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதே ஓ’பானன்தான் பின்னால் 1979-இல் வந்த ‘ஏலியன்’ படத்துக்குத் திரைக்கதை எழுதினார். பந்தை வைத்துச் சிரிக்கவைத்த ஆளே அதே சங்கதியை வைத்து உலகத்தையே மிரட்டினார்.

சரி, அறிவியல். ஹ்யூ எவரெட் என்ற பிரின்ஸ்டன் ஆராய்ச்சி மாணவர் 1957-இல் வெளியிட்ட கருத்துதான் இதற்கெல்லாம் மூலம். குவாண்டம் அளவீட்டில், அதாவது அணுவைப் போன்ற நுண்ணிய பொருளை அளந்து பார்க்கும்போது, பல சாத்தியங்களில் ஒன்று மட்டும் நிஜமாகி மற்றவை காணாமல் போகின்றன என்பது அதுவரை சொல்லப்பட்டு வந்த விளக்கம். காணாமல் போக வேண்டிய அவசியமே இல்லை, சமன்பாட்டை அப்படியே நம்பினால் எல்லாமே நடக்கின்றன, பார்ப்பவரும் சேர்ந்தே கிளை பிரிகிறார் என்றார் எவரெட். ‘பல உலகங்கள்’ என்ற பெயரை ஊரறியச் செய்தவர் இயற்பியலாளர் பிரைஸ் டிவிட், அது 1970-களில். எவரெட் பேராசிரியராகக்கூட ஆகவில்லை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு வேலைக்குப் போய்விட்டார்.

இதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் மூன்று. முதலாவது, பிரிந்த கிளைகள் நடைமுறையில் மறுபடி சந்திப்பதே இல்லை. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியே கிடையாது. ஆக, உங்கள் கதாநாயகன் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்த நொடியிலேயே அறிவியல் முடிந்துபோயிற்று. பெரிய பட்ஜெட்காரர்களுக்கும் இதே கதிதான், அதனால் கூச்சப்பட வேண்டாம். இரண்டாவது, நீங்கள் வேலையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதால் பிரபஞ்சம் பிரிகிறது என்பது சினிமாக் கற்பனை. மனித முடிவுக்கு அங்கே தனிச் சலுகை எதுவும் இல்லை. ஆனால் ‘அன்றைக்கு மட்டும் அப்படிச் செய்திருந்தால்’ என்ற ஏக்கம் எல்லோருக்கும் இருப்பதால் கதைக்கு அதுதான் வசதி, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, எல்லாக் கிளைகளிலும் இயற்பியல் விதிகள் ஒன்றே. ஆட்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும் உலகம் இருக்கலாம், புவியீர்ப்பே இல்லாத உலகம் இந்தக் கணக்கில் வராது. பணம் மிச்சம்.

மொத்தத்தில் ஒரு பொய் சொல்லுங்கள், உறுதியாகச் சொல்லுங்கள், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். தாளை மடித்துப் பென்சிலால் குத்திக் காட்டும் காட்சி மட்டும் வேண்டவே வேண்டாம். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பதோடு, அது புழுத்துளைக்கான, அதாவது ஒரே பிரபஞ்சத்தின் தொலைவான இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழிக்கான விளக்கம், இணைப் பிரபஞ்சத்துக்கானது அல்ல.

இனி கதை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த உலகத்தில் வானம் பச்சை, ஆட்கள் பின்னால் நடக்கிறார்கள், பணத்துக்குப் பதில் பொத்தான் என்று பத்து வித்தியாசத்தை அடுக்குவார்கள். ஒன்று போதும். ஒரே வித்தியாசம், அதிலிருந்து பத்து விளைவு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்த உலகத்திலும் நாற்காலி உண்டு. ஆனால் யாரும் அதில் உட்காருவதில்லை. அது மரியாதைக்குரிய பொருள். அறைக்குள் வந்ததும் அதைப் பார்த்துத் தலை தாழ்த்துவார்கள், அதன் முதுகில் கை வைத்துச் சொன்னால் சத்தியம் செய்த மாதிரி. உட்காருவது தரையில். இதற்கு என்ன செலவு? வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாற்காலி.

நம் ஆள் அந்த வீட்டுக்குள் வருகிறான். உலகம் மாறியது அவனுக்குத் தெரியாது. ஓடிவந்த களைப்பில் நாற்காலியை இழுத்துப் போட்டு ‘அப்பாடா’ என்று உட்காருகிறான். கேமரா அவனைக் காட்டக் கூடாது. எதிரே தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மாமனாரைக் காட்ட வேண்டும். அவர் கத்தவில்லை. பேப்பரை நிதானமாக மடிக்கிறார். எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறார். ஜன்னலைச் சாத்துகிறார். திரைச்சீலையை இழுத்துவிடுகிறார். திரும்பி வந்து, தணிந்த குரலில், “மாப்பிள்ளை, வெளியில யாரும் பார்த்துடலையே?”

“எதை மாமா?”

அவ்வளவுதான். இங்கே வெட்டிவிடலாம். மாமனாராக நடிப்பவர் ஜன்னலைச் சாத்தும்போது அவசரப்பட்டால் சிரிப்பு பாதியாகும். அவர் மனதில் குடும்ப மானம் போய்க்கொண்டிருக்கிறது, அந்தப் பாரம் நடையில் தெரிய வேண்டும்.

அதே நேரம் அந்தப் பக்கத்து ஆள் நம் உலகத்துக்கு வந்திருப்பான் இல்லையா? ஒரு கூட்டத்துக்குப் போகிறான். “உட்காருங்க சார்” என்று நாற்காலியைக் காட்டுகிறார்கள். தன் நேர்மையைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கண்கலங்க மறுக்கிறான். மறுபடி வற்புறுத்துகிறார்கள், அழுதேவிடுகிறான். ‘நாற்காலிக்கு ஆசைப்படாத மனுஷன்’ என்று பெயர் பரவி, படம் முடிவதற்குள் சங்கத்துக்குத் தலைவராகிவிடுகிறான். இந்த ஜோக்கை நாம் எழுதவே வேண்டாம், மொழியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் தேடும் வித்தியாசமும் இப்படி இருந்தால் நல்லது: சும்மா கிடக்கும் ஒரு பொருள், அதைச் சுற்றி ஏற்கெனவே நம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் அர்த்தங்கள்.

அப்புறம், எந்தக் காட்சி எந்த உலகத்தில் நடக்கிறது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? 1967-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ஸ்பாக் என்ற பாத்திரத்துக்கு ஒரு குறுந்தாடி ஒட்டி அடுத்த பிரபஞ்சத்து ஆளாக்கினார்கள். இன்றுவரை கெட்ட இரட்டை என்றால் தாடி என்பது கேலிச் சின்னமாகவே நிலைத்துவிட்டது. கன்னத்தில் மரு ஒட்டினால் மாறுவேடம் என்று பழகியவர்கள் நாம், நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2013-இல் வந்த ‘கோஹிரன்ஸ்’ படத்தில் ஆட்கள் கையில் வைத்திருக்கும் ஒளிக்குச்சியின் நிறம்தான் அடையாளம். நீலமா சிவப்பா என்று பார்த்தால் போதும். எதுவாக இருந்தாலும் சரி, நெருக்கமான ஷாட்டிலும் ஃப்ரேமுக்குள் வருவதாக இருக்கட்டும். செருப்பில் வைத்த வித்தியாசம் முகத்தைக் காட்டும்போது உதவாது. காலரில் வையுங்கள். ஓர் உலகத்தை நீலமாகவும் இன்னொன்றை மஞ்சளாகவும் எடிட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள், ஆளாளுக்கு மொபைல் திரை வேறு வேறு நிறத்தில் காட்டும்.

‘கோஹிரன்ஸ்’ பேச்சு வந்ததால் சொல்கிறேன். இயக்குநர் ஜேம்ஸ் வார்ட் பைர்கிட் தன் சொந்த வீட்டில் ஐந்தே இரவுகளில் எடுத்த படம் அது. நடிகர்களிடம் முழு ஸ்கிரிப்ட் தரவில்லை. அன்றன்றைக்கு அவரவர் பாத்திரத்துக்கான குறிப்பு மட்டும்தான். மற்றவருக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரியாமலே பேசினார்கள். அந்தப் படத்தின் பதற்றம் பாதி அப்படி வந்ததுதான். எல்லோரும் இதைச் சொல்லி ‘நாங்களும் அப்படியே பேசவிட்டு எடுக்கிறோம்’ என்று கிளம்புகிறார்கள். பயப்பட வைக்கும் படத்துக்கு அது சரி. காமெடிக்கு வேண்டாம் என்பது என் கட்சி. மாமனார் ஜன்னல் சாத்தும் காட்சியில் நடுவே யாராவது வாய்க்கு வந்ததைப் பேசினால் அந்த மௌனம் போச்சு. எழுதுங்கள், ஒத்திகை பாருங்கள், வாட்ச் வைத்து நேரம் பாருங்கள். வீட்டையும் ஐந்து இரவையும் மட்டும் அவரிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே நடிகர் தன்னோடு தானே பேசும் ஷாட் ஒன்றாவது இல்லாவிட்டால் பார்ப்பவர் விடமாட்டார். இது நூறு வருடத்துக்கும் மேலான வித்தை. பஸ்டர் கீட்டன் 1921-இல் ‘தி பிளேஹவுஸ்’ என்ற குறும்படத்தில் ஒரே ஃப்ரேமில் ஒன்பது கீட்டன்களாக வந்தார். லென்ஸுக்கு முன்னால் ஒரு தடுப்புப் பெட்டி. ஒரு கீற்றை மட்டும் திறந்து நடிப்பார், மூடுவார்கள், ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றுவார்கள், அடுத்த கீற்று. அப்போதெல்லாம் கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். கேமராமேன் எல்ஜின் லெஸ்லி ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும், கை கொஞ்சம் தளர்ந்தால் ஒன்பது பேரின் ஆட்டமும் குலையும். ஒன்பதாவது முறை தவறினால் முதல் எட்டும் வீண். அதைப் பார்த்தால் நமக்கு இருப்பது சொர்க்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது, ட்ரைபாடை நிறுத்திக் காலடியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், யாரும் தொடக் கூடாது. மொபைலாக இருந்தாலும் கேமராவாக இருந்தாலும் ஃபோகஸ், வெளிச்ச அளவு, வெள்ளைச் சமன் (நிறத்தைச் சரிசெய்யும் ‘ஒயிட் பேலன்ஸ்’) மூன்றையும் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் ஆள் இடம் மாறியதும் அது தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். இரண்டு பாதியும் சேரும் கோட்டைக் கதவு நிலையிலோ சுவர் மூலையிலோ வையுங்கள். கோட்டைத் தாண்டி ஒரு விரல், ஒரு நிழல்கூட விழக் கூடாது. அதிகம் பேசும் பாத்திரத்தை முதலில் எடுத்து, அந்த ஒலியை இரண்டாவது டேக்கில் நடிகரின் மறைவான பக்கத்துக் காதில் ஓடவிட்டால் நேரம் தப்பாது. பார்வை இன்னும் முக்கியம். எதிரே ஒரு ஸ்டாண்டில் அதே உயரத்தில் ஒரு குறி வைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இரட்டையரின் கண்கள் சந்திக்காவிட்டால் என்ன தொழில்நுட்பம் இருந்தும் வீண். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பொருள் போக வேண்டுமா? கையை மட்டும் நெருக்கத்தில் எடுங்கள், அதே சட்டைக் கையோடு வேறு நண்பரின் கை. எவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

நான் உதவி இயக்குநராக இருந்த ஒரு சின்னப் படத்தில் இதையெல்லாம் சரியாகச் செய்தோம், சூரியனை மறந்துவிட்டோம். இடது பாதியை மதியம் மூன்று மணிக்கு எடுத்தோம். நடிகர் உடை மாற்றி, மீசை ஒட்டி, ஒட்டிய மீசை கழன்று, திரும்ப ஒட்டி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எடிட்டிங்கில் சேர்த்துப் பார்த்தால் ஒரே அறையில் இடது பக்கம் பட்டப்பகல், வலது பக்கம் அந்தி. மறுபடி எடுக்க அந்த வீடு கிடைக்காது. இயக்குநர் அரை மணி நேரம் திரையையே வெறித்துப் பார்த்தார். அப்புறம் இரண்டு வசனம் எழுதி, குரலை மட்டும் பதிவுசெய்து, நடிகர் தலை திரும்பியிருந்த இடத்தில் ஏற்றினார்: “உங்க பக்கம் மணி என்ன?” “ஆறரை.” “எங்களுக்கு மூணுதான் ஆகுது.”

திரையிட்டபோது அதிகம் சிரித்த இடம் அதுதான். ஆனால் மீதிக் கதையையும் சொல்லியாக வேண்டும். அந்த வசனம் வைத்த பிறகு, இரண்டு உலகத்துக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் என்பது விதியாகிவிட்டது. எடுக்க வேண்டிய காட்சிகளில் எல்லாம் சுவர்க் கடிகாரத்தைத் திருத்தினோம். ஏற்கெனவே எடுத்த ஒரு காட்சியைத் தூக்கிப் போட்டோம், ஏனென்றால் அதில் இரண்டு பக்கமும் காலை உணவு நேரம். தவறைக் கதையாக்கலாம் என்று மேலே சொன்னேனே, அதற்கான வாடகை இது. செட்டு ஆட்டம் கண்டால் மன்னிப்பார்கள், விதி ஆட்டம் கண்டால் மன்னிக்க மாட்டார்கள். நீங்கள் எடுக்கும்போது ஜன்னலை அடைத்துவிடுங்கள், அல்லது இரவில் எடுங்கள்.

இரண்டு உலகம் போதும். ஐந்து நடிகர்கள் என்றாலே பத்துப் பாத்திரம். யாருக்கு எப்போது உண்மை தெரிகிறது, எவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். எடுக்கும்போது கதை வரிசையில் எடுக்காமல், ஓர் உலகத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், உடையும் சாமானும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்காது. மூன்றாவது உலகம் வேண்டுமென்றால் ஒரு நிமிட ஜோக்காக மட்டும்.

க்ளைமாக்ஸில் எல்லோருக்கும் ஆசை வரும், இருபது பிரபஞ்சத்தைக் கலக்கிவிடலாம் என்று. ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ 2022-இல் அப்படித்தான் கலக்கியது, ஏழு ஆஸ்கர் வாங்கியது. அதன் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலையில் பெரும்பகுதியைச் செய்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சின்னக் குழு என்பது உண்மை. அதற்காக அது உங்கள் பட்ஜெட் ஆகிவிடாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய காட்சி வேறு: உயிர்களே தோன்றாத ஓர் உலகத்தில், அம்மாவும் மகளும் இரண்டு பாறைகளாக மலை விளிம்பில் இருக்கிறார்கள். குரல் இல்லை, எழுத்தில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். அத்தனை களேபரத்துக்கு நடுவே பலருக்கும் மறக்காமல் நின்றது அந்த இரண்டு கல்தான்.

கடைசியாக அந்த இயந்திரம். அட்டைப்பெட்டியாகவே இருக்கட்டும், டேப் ஒட்டிய இடம் தெரியட்டும். ஒன்றே ஒன்று மட்டும் அசலாக இருக்க வேண்டும்: சுவிட்ச். பழைய கனமான சுவிட்ச் ஒன்றைத் தேடிப் பிடித்து, அமைதியான அறையில் அதன் ‘டக்’ சத்தத்தை நெருக்கமாகப் பதிவுசெய்யுங்கள். உலகம் மாறும்போதெல்லாம் அந்தச் சத்தம் வரட்டும். மினுக்கும் விளக்கு, புகை எதுவும் வேண்டாம். ஐந்தாறு முறை கேட்டதும் பார்ப்பவருக்குப் பழகிவிடும். பழகிய பிறகு, முடிவில் ஒருமுறை சத்தம் வராமல் விடுங்கள். கதாநாயகன் சுவிட்சை அழுத்துகிறான், ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கிறான். அதே அறை, அதே நாற்காலி. கிட்டே போகிறான், உட்காரக் குனிகிறான், பாதியில் நிற்கிறான். மாமனார் உள்ளே வருகிறார். கட்.